வலி என்றொரு கட்டம்

தாப்பா சமய இலாகா, ஏழாம் முகப்பு.
படிவத்தில் மணமகள் பெயருக்குக் கீழே
வலி என்றொரு கட்டம்.
அரபுச் சொல். காப்பாளர் என்று பொருள்.
எனக்குத் தமிழில்தான் படிக்க வந்தது.
பேனாவை மூடிவிட்டேன்.

அப்பா உயிரோடு இருக்கிறாரா?
இருக்கிறார். கூலாயில். லோரி ஓட்டுகிறார்.
தொழுவாரா?
தெரியாது.
அவர்தான் வரவேண்டும் என்றார் அதிகாரி,
நாளைக்கு மழை என்பதுபோல.

ஜுலைகா பிந்தி தமீம்.
இருபத்தாறு வருடமாக
என் பெயருக்குப் பின்னால் நிற்கிறார் அத்தா.
வாசலில் நின்றதில்லை.

பெயர் வைத்தது அவர்தான், இல்லையென்று சொல்லவில்லை.
அதற்கு மேலும் உண்டென்று
ஞாயிறு மதரசாவில் உஸ்தாத் விரல் மடக்கினார்:
சோறு, துணி, ஓதக் கொடுப்பது,
ஒருவன் கையில் பிடித்துக் கொடுப்பது.
நீங்கள் எல்லோரும் மேய்ப்பர்கள்,
மந்தையைப் பற்றிக் கேட்கப்படுவீர்கள் என்றார்.
எனக்கு ஆடு ஞாபகம் வந்தது.

என் அகீகா ஆடு.
ஏழாம் நாள் அறுக்க வேண்டியது,
ஏழாம் வயதில் அறுபட்டது.
அம்மா சீட்டெடுத்த பணம்.
பீடோர் மில்லுக்குப் பின்னால்
செம்பனை முள்ளுக்குள் கைவிட்டு
உதிரிப்பழம் பொறுக்கிச் சேர்த்த சீட்டு.
ஈரச் சாக்கு என்று
மண்டோர் இரண்டு கிலோ கழிப்பார்.
மழை பெய்தால் அவள் என்ன செய்வாள்?
ஆறு வீட்டுக்குக் கறி பங்கு போட்டோம்.
ஒரு பங்கு மண்டோருக்கும் போனது.

பள்ளிக்கூட அட்டையில்
தந்தை அல்லது காப்பாளர் என்ற இடத்தில்
அத்தாவின் கையெழுத்தை நானே போடுவேன்.
பெரிய 'த' ஒன்று, சுழித்து ஒரு வால்,
கீழே இரண்டு கோடு.
வசதியான மனிதர் கையெழுத்து மாதிரி இருக்கும்.
டீச்சர் ஒருநாளும் கேட்டதில்லை.

அம்மாதான் போன் போட்டாள்.
உங்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு,
பதினாலாம் தேதி, அஸருக்குப் பிறகு.
அவ்வளவுதான். காசு தீரவில்லை, பேச்சு தீர்ந்தது.

வந்தார்.
இரவு பஸ்ஸில் கசங்கிய பாத்தேக் சட்டை,
சட்டைப் பையில் நான்காக மடித்த தாள்.
சொல்லவேண்டிய மலாய் வாசகத்தை
யாரிடமோ எழுதி வாங்கி
வழியெல்லாம் மனப்பாடம் செய்திருக்கிறார்.
சூராவுக்குள் மில் புகை வந்துகொண்டிருந்தது.
திரைக்கு இந்தப் பக்கம் நான்,
பக்கத்தில் அம்மா, அவள் விரலில் ஆறாத முள்.

மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார்.
என் மகள், என்று ஆரம்பித்தார்.
நின்றுவிட்டார்.
இருமினார்.
மறுபடி சொல்லுங்கள் என்றார் காதி.
என் மகள்.
மறுபடியும் அங்கேயே.
யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.
மாப்பிள்ளைதான் தடுமாறுவான்,
இப்போது மாமனாரா என்று ஒரு சிரிப்பு.
மூன்றாவது முறை முழுதும் வந்தது,
மஹர் தொகை வரைக்கும் பிசகாமல்.

மூன்று முறை.
போதாது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.
ஆனால் எண்ணியிருக்கிறேன்.

மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டது
சரியாகக் காதில் விழவில்லை.
ஆமீன் சத்தம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.
அதற்குள் அம்மா எழுந்து
ஒரு தட்டில் சோறு போட்டுவிட்டாள்.
அவருக்கு ஒன்பது மணி பஸ்.
மன்னிப்பு அவர் கேட்கவில்லை,
நானும் கையில் எடுத்துக்கொண்டு போகவில்லை.
சாப்பிட்டார். உப்புக் கேட்டார்.

பதிவேடு என்னிடம் வந்தது.
என் பெயருக்கு மேலே அந்தக் கட்டம்
நிரம்பியிருந்தது.
சேராத மூன்றெழுத்து,
பேனா அழுத்திக் கிழிந்த ஒரு புள்ளி.
வாலில்லை, கோடில்லை.
இத்தனை வருடமும்
நான் போட்டது வேறு யாருடையதோ.